டீசலை விற்று ஏணியை வாங்காதீர்கள்

இந்தப் பதிவைப் படித்ததும் நாலு பேர் என்னோடு பேச்சை நிறுத்தப் போகிறார்கள். பரவாயில்லை. ஆபீஸில் ஆணி கொஞ்சம் குறைந்திருக்கிறது, இப்போதே எழுதி விடுகிறேன் :-)

விஷயம் இதுதான். டெல்லி, குர்காவ்ன், நொய்டா பக்கம் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு புது வியாதி பரவுகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏழு சீட் டீசல் எஸ்.யூ.வி.யை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பெட்ரோல் தாரோ ஜிம்னியோ வாங்குவது. பதிவு எண் வந்த மறுவாரமே ஒரு கடையில் விட்டு இரண்டு அங்குலம் தூக்கி, பெரிய டயர் மாட்டுவது. ஏன் சார் என்று கேட்டால், "டீசலுக்குத் தடை, டெல்லி காற்று வேற இப்படி இருக்கு" என்று ஒரு சமூகப் பொறுப்புப் பதில்.

பெட்ரோலுக்கு மாறுவதை நான் குறை சொல்லவில்லை. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2015 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்றது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் பழைய வண்டிக்கு டெல்லி பங்க்குகளில் எண்ணெயே கிடையாது என்றார்கள், சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் வைத்து நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தச் சலுகை பி.எஸ்.4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டும்தான் என்று திருத்தியது. இப்படி ஆளாளுக்கு மணி அடித்தால் எவனுக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். குளிர்காலத்தில் புகை முற்றினால் பி.எஸ்.4 டீசல் கார்களையும் வீட்டில் நிறுத்தச் சொல்கிறார்கள். ஆகவே, விற்கிறவர் விற்கட்டும்.

ஆனால் ரெண்டு பொய்யை மட்டும் சொல்லாதீர்கள்.

முதல் பொய்: "காற்றுக்காக மாறினேன்." நீங்கள் விற்ற டீசல் வண்டி என்ன ஆனது? தரகர் என்.ஓ.சி. வாங்கி வேறு மாநிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். புகை ஊர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பக்கம், புது பெட்ரோல் வண்டியைத் தூக்கி, கனமான அகல டயர் போட்டு, காற்றை முட்டிக்கொண்டு ஓடும்படி செய்து மைலேஜையும் குறைத்தாகிவிட்டது. கூடவே பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இதெல்லாம் சேர்ந்தால் அதிகம் எரிவது யார் வீட்டு எண்ணெய்?

நான் பி.காம். ஆசாமி, கணக்கு போடாமல் விடமாட்டேன். மாதம் 1,000 கிலோமீட்டர். டீசல் லிட்டருக்கு 12, தூக்கிய பெட்ரோல் வண்டி நகரத்தில் 8 என்று வைத்துக்கொள்வோம். 2025 டெல்லி விலையில் டீசல் சுமார் 88 ரூபாய், பெட்ரோல் சுமார் 95. அங்கே மாதம் 7,300 சொச்சம், இங்கே 11,900 பக்கம். வித்தியாசம் 4,500. ஐந்து வருடத்தில் 2,70,000. இதில் லிஃப்ட் கிட், டயர் செலவு சேர்க்கவில்லை. அதற்கெல்லாம் வங்கி வாகனக் கடனும் தராது. கிரெடிட் கார்டு அல்லது தனிநபர் கடன், இரண்டுக்குமே வட்டி அதிகம்.

இரண்டாவது பொய்: "எல்லாரும் பண்றாங்க, ஒண்ணும் ஆகாது." மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைப் படியுங்கள். தயாரித்த நிறுவனம் குறிப்பிட்ட விவரத்துக்கும் வண்டிக்கும் முரண் வரும்படி மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே வருடத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். போலீஸ் பிடிக்காமல் போகலாம். விபத்து நடந்து சர்வேயர் வந்து பார்ப்பாரே, அவர் கண்ணில் படாமல் போகாது. க்ளெய்மில் தகராறு செய்ய நீங்களே காரணம் எழுதிக் கொடுத்த மாதிரி.

இதையெல்லாம் விட எனக்கு உறுத்துவது வேறு. வண்டி உயர உயர அதன் எடை மையம் மேலே போகும், சட்டென்று திருப்பினால் கவிழும் வாய்ப்பு கூடும். பிரேக்கும், சறுக்கலைத் தடுக்கும் எலக்ட்ரானிக்ஸும் கம்பெனி கொடுத்த உயரத்துக்கும் டயருக்கும் அளந்து வைத்தவை. பெரிய டயர் போட்டால் ஸ்பீடாமீட்டர் காட்டுவதை விட வேகமாகப் போவீர்கள். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். முக்கியமாக, பானெட்டுக்கு முன்னால் நிற்கும் சின்னக் குழந்தை டிரைவருக்குத் தெரியாது. மலை மந்திரில் கிருத்திகைக் கூட்டத்தில், சொசைட்டி கேட்டில் ஸ்கூல் வேன் வரும் நேரத்தில், நாம் ஓட்டுவது எந்தக் காட்டில்?

"மழைக்கு குர்காவ்ன் ரோடு ஆறாகுதே?" சரி. மூன்று கதவு தார் எதுவும் செய்யாமலே 226 மி.மீ. தரை இடைவெளியோடு வருகிறது, 650 மி.மீ. தண்ணீரில் இறங்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது. அதற்கு மேல் தண்ணீர் நின்றால் திரும்பிப் போவதுதான் புத்தி. மூடியில்லாத சாக்கடைக் குழி இரண்டு அங்குல லிஃப்டைப் பார்த்து பயப்படாது.

கடைசியாக, வீட்டு விஷயம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். முழங்கால் தேய்ந்த அம்மா அந்த உயரத்தில் எப்படி ஏறுவார்? மூன்று கதவு வண்டியில் பின் சீட்டுக்கு முன் சீட்டை மடக்கி நுழைய வேண்டும். நாலே பேர்தான் உட்காரலாம். லீவுக்கு 2,200 கிலோமீட்டர் சென்னை வரை குடும்பத்தோடு ஓட்டிப் போன அந்தப் பழைய டீசலின் டிக்கியில் அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி எல்லாம் வந்தது. இதில் நாலு பேர் உட்கார்ந்த பிறகு ஒரு பை வைக்க யோசிக்க வேண்டும். தங்கமணிகளிடம் கேட்டுப் பாருங்கள், உண்மை வெளியே வரும் :-)

அரசு மீதும் கோபம் உண்டு. புகையை அளக்காமல் வயதை அளந்தால், நன்றாகப் பராமரித்தவனும் தண்டனை, பராமரிக்காதவனும் தண்டனை. பி.எஸ்.6 டீசலுக்கு நுண்துகள் வரம்பு கிலோமீட்டருக்கு 4.5 மில்லிகிராம், கார்களுக்கு பி.எஸ்.4இல் அது 25. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் பிறந்த தேதியைப் பார்ப்பது சோம்பேறித்தனம். அதற்காகச் சண்டை போடுவோம், நானும் வருகிறேன். அரசின் குளறுபடியைக் காரணம் காட்டி நாம் ஏணி மேல் ஏறி உட்கார்ந்து, தெருவில் நடப்பவனைக் கீழே பார்ப்பது மட்டும் நியாயமில்லை.

மாறித்தான் ஆக வேண்டுமா? பெட்ரோலோ, ஹைபிரிடோ, கம்பெனி கொடுத்த உயரத்திலேயே வாங்குங்கள். நல்ல டயர் போடுங்கள். மிச்சமாகும் பணத்தைப் பிள்ளைகள் பேரில் போடுங்கள்.

பி.கு.: மலைப்பாதை, மணல், சேறு என்று நிஜமாகவே போகிறவர்கள் கோபிக்க வேண்டாம். உங்களுக்கும் சட்டம் இதுதான். வாரம் ஏழு நாளும் ஆபீஸ், ஸ்கூல், மால் என்று ஓட்டுகிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு முழுவதும்.