திறமை இல்லாதவர்களுக்கும் நாற்காலி வேண்டும்

'எந்த வேலையும் கேவலமில்லை' என்ற வாக்கியத்தை இந்த ஐந்து மாதத்தில் நான் கேட்ட அளவுக்கு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சொன்னவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். கல்லூரி ஆசிரியர்கள், ஐ.டி.யில் இருக்கும் பழைய வகுப்புத் தோழர்கள், ஒரு கவிஞர். அந்த வேலையைச் செய்கிற யாரும் இதை என்னிடம் சொன்னதில்லை.

நான் தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள். உதவித்தொகை ஐந்து வருடம் வந்தது, பிறகு நின்றது. ஆய்வேட்டில் இரண்டு இயல் பாக்கி. வயது 32. வீட்டில் கேட்க முடியாது, கேட்டாலும் இருக்காது. மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள், சேர்ந்துவிட்டேன். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பதரை. 'வேலை பார்க்கிறேன்' என்பதைவிட 'நிற்கிறேன்' என்று சொல்வதுதான் துல்லியம். இப்போது கொஞ்சம் பழகிவிட்டது. முந்தியை முதலில் பிரித்துக் காட்ட வேண்டும், பார்டரை அல்ல. எடுக்கிறவர் துணியைத் தொட்டுப் பார்ப்பார், எடுக்காதவர் விலைச்சீட்டைத் தேடுவார். பிரித்துப் போட்ட நாற்பது சேலையை அடுத்த கஸ்டமர் வருவதற்குள் மடித்தாக வேண்டும். கவுண்ட்டரில் என்னைவிடப் பத்து வயது சின்னப் பெண்கள் இதையெல்லாம் கற்றுத்தந்தார்கள். "அக்கா, நீங்க டாக்டருக்குப் படிக்கிறீங்களாமே" என்று கேட்ட ஒருத்தி, நான் விளக்கியதும், "அப்ப ஊசி போட மாட்டீங்க" என்று நிம்மதியாகச் சொன்னாள்.

இரவில் அறைக்குத் திரும்பி, காலைச் சுவரில் தூக்கிச் சாய்த்துக்கொண்டு போனில் படம் பார்ப்பேன். படிக்க முடிவதில்லை. கண் எழுத்தில் நிற்காது, அசைகிற படத்தில்தான் நிற்கும். அப்படிப் பார்த்த சில படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாவது, நண்பர் ஒருவர் எனக்கு ஆறுதலாக அனுப்பிய 'பெர்ஃபெக்ட் டேஸ்'. விம் வெண்டர்ஸ் ஜப்பானில் எடுத்த படம். டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஹிராயாமா காலையில் எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார், இயந்திரத்தில் காபி எடுக்கிறார், வேனில் பழைய கேசட் பாட்டு கேட்கிறார், மரக்கிளை வழியே விழும் வெளிச்சத்தைப் படம் எடுக்கிறார், இரவில் புத்தகம் படித்தபடி தூங்கிப்போகிறார். அதில் நடித்த கோஜி யாகுஷோவுக்கு 2023 கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. நடிப்பில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்தப் படத்தைத் தமிழில் கொண்டாடுகிறவர்களிடம்தான் சண்டை.

'எளிமையின் அழகு', 'கழிப்பறை கழுவுவதிலும் தியானம் இருக்கிறது' என்று எழுதித் தள்ளினார்கள். அந்தக் கழிப்பறைகள் யாருடையவை? ஷிபுயா பகுதியில் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்களை வைத்து வடிவமைத்த 17 கழிப்பறைகள். அந்தத் திட்டத்தை ஒட்டித்தான் படமே பிறந்தது. ஒன்றின் கண்ணாடிச் சுவர், உள்ளே போய்த் தாழிட்டால் மங்கலாகிவிடும். ஹிராயாமாவின் தங்கை டிரைவர் ஓட்டும் காரில் வந்து இறங்குகிறார், 'நிஜமாவே கழிப்பறைதான் கழுவுறியா' என்று கேட்கிறார். அந்த ஒரு காட்சியில் எல்லாம் தெரிந்துவிடுகிறது. அவர் விட்டுவிட்டு வந்தவர். வசதி ஒன்று பின்னால் இருந்தது, அதிலிருந்து இறங்கி வந்து எளிமையைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்ததால் அழகு. இங்கே கழிப்பறை கழுவுகிற பெண்ணுக்கு அவளுடைய அம்மா விட்டுப்போனது அந்த வேலை. மலம் அள்ளுவதைத் தடை செய்ய 2013இல் புதிதாக ஒரு சட்டம் போட்ட பிறகும் சாக்கடைக்குள் இறங்கிச் சாகிறவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை. விசாரிக்காமலே தெரியும். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' 2017இல் வந்தபோது அழகியல் பேசியவர்கள் யாரும் அதற்கு அழகியல் பேசவில்லை.

'பெர்ஃபெக்ட் டேஸ்' படத்தில் உண்மையான இடம் ஒன்று உண்டு. கழிப்பறைக்குள் அழுதுகொண்டிருந்த சிறுவனைக் கைபிடித்து வெளியே கூட்டி வருகிறார் ஹிராயாமா. தாய் ஓடி வருகிறாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை, நன்றி சொல்லவில்லை, மகனின் கையை ஈரத்தாளால் துடைக்கிறாள். அவர் பிடித்திருந்த கையை. பாராட்டி எழுதிய நம் ஆட்கள் பலர் இந்தக் காட்சியைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஒரு ஊர்க்காரருக்கு இந்தக் காட்சிக்கு விளக்கமே தேவையில்லை.

எங்கள் கடைக்கு வருகிறேன். நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எந்த ஊரு. இரண்டாவது, ஊரில் எந்தப் பக்கம். மூன்றாவது, கோயில் கொடை எப்ப வரும், எந்தச் சாமி. படிப்பைப் பற்றிய கேள்வி நான்காவதாக வந்தது. சேல்ஸில் சேர்ந்த எல்லோரிடமும் இப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். அதே வாரம் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் இரண்டு அக்காக்களை எடுத்தார்கள். அவர்களிடம் பெயரும் போன் நம்பரும் மட்டும் கேட்டார்கள். ஊர் கேட்கவில்லை. பதில் ஏற்கனவே தெரிந்த கேள்வியை யார் கேட்பார்கள்? நெஞ்சில் குத்தித் தரும் பேட்ஜில் எல்லோருக்கும் வெறும் பெயர்தான். சமத்துவம் பேட்ஜ் வரைக்கும் வந்திருக்கிறது. சாப்பாட்டு அறையில் அந்த அக்காக்கள் தனியாகத்தான் உட்காருகிறார்கள். அப்படி உட்காரச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை.

நீரஜ் கய்வானின் 'ஹோம்பவுண்ட்' பார்த்தபோது இந்த பேட்ஜ்தான் நினைவில் இருந்தது. போலீஸ் வேலைக்கு விண்ணப்பிக்கும் தலித் இளைஞன் சந்தன், படிவத்தில் தன் பிரிவைக் குறிக்காமல் பொதுப்பிரிவைக் குறிக்கிறான். பயம் ஒரு பக்கம், ஒரு தடவையாவது அந்தச் சொல் இல்லாமல் நிற்க வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம். பள்ளியில் சமைக்கப் போகும் அவன் அம்மாவின் கையால் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று வருகிறார்கள். அவள் குதிகால் வெடிப்பைப் படம் மறக்கவே இல்லை. 2025இல் நான் பார்த்த படங்களில் மனிதரின் பாதத்தை இவ்வளவு கவனித்த படம் வேறில்லை. பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவளுக்கு அது தனியாகத் தெரியும்.

தமிழுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இவை நம் படங்கள். 'சார்பட்டா பரம்பரை' (2021) குத்துச்சண்டை. 'ப்ளூ ஸ்டார்' (2024) கிரிக்கெட். 'லப்பர் பந்து' (2024) கிரிக்கெட். 'பைசன்' (2025) கபடி. நான்கையும் நான் ரசித்தேன், 'லப்பர் பந்து' படத்தை இரண்டு முறை பார்த்தேன், கெத்து தினேஷ் மட்டையைத் தூக்கும்போது கைதட்டினேன். 'பைசன்' மணத்தி கணேசனின் வாழ்க்கையிலிருந்து வந்தது என்பதால் அந்த வெற்றி வெறும் கற்பனை என்று தள்ளவும் முடியாது. ஆனால் நான்கையும் சேர்த்து வைத்தால் ஒரு வாதம் கிடைக்கிறது: இவனைப் பார், எவ்வளவு திறமை, இவனையா சாதி சொல்லி ஒதுக்கினீர்கள்?

திறமை இல்லாதவனை ஒதுக்கலாமா? பந்து வீசத் தெரியாத, குத்தத் தெரியாத, கபடியில் மூச்சு நிற்காத, சேலை மடிக்க மட்டும் தெரிந்த ஒருத்திக்கு மரியாதையை எந்தப் போட்டியில் ஜெயித்துத் தருவது? கபிலன் துறைமுகத்தில் கூலி வேலை செய்கிறவன். படத்துக்கு அவன் வளையத்துக்குள் ஏறிய பிறகுதான் தேவை. மேல்சாதிப் பையன் சுமாராக இருந்துகொண்டே வாழ்ந்துவிடுகிறான். சுமாராக இருக்கும் உரிமை நமக்கு வேண்டாமா? ரோகித் வெமுலா இறந்து பத்து ஆண்டுகளாகியும் ஆய்வுக்கூடங்களில் நம்மிடம் எதிர்பார்ப்பது இதைத்தான். நீ அசாதாரணமாக இரு, அப்போது இருக்கவிடுகிறோம்.

இந்த இடத்தில் மாரி செல்வராஜின் 'வாழை' (2024) வேறு மாதிரி நிற்கிறது. அதில் யாரும் எதையும் ஜெயிப்பதில்லை. ஒரு பையன் வாழைத்தார் சுமக்கப் பயந்து ஓடுகிறான். கூலியைக் கூட்டிக் கேட்கிறார்கள். லாரியில் தார் மேல் உட்கார்ந்து வருகிறார்கள், வந்து சேரவில்லை. பசியில் ஒரு பழம் பறித்ததற்கு அடி விழுகிறது. 'பைசன்' அளவுக்கு 'வாழை' நம் விவாதங்களில் ஏன் ஓடவில்லை என்று யோசித்துப் பாருங்கள். கைதட்ட அதில் இடமில்லை.

ஜவுளிக்கடைக்கு ஒரு படம் உண்டு. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு', 2010. பள்ளியில் முதல் மதிப்பெண் எடுத்த பையன், அப்பா செத்துப்போனதால் ரங்கநாதன் தெருவுக்கு வருகிறான். அதைக் கடைப் பெண்கள் நான்கு பேரோடு சேர்ந்து ஒரு ஞாயிறு இரவு மறுபடி பார்த்தேன். சூப்பர்வைசராக வரும் ஏ.வெங்கடேஷ் அடிக்கும் காட்சியில் அழுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தி சிரித்துவிட்டாள். "இதப் பாக்கக் காசு வேற குடுத்தாங்களாக்கா?" என்றாள். எங்கள் கடையில் அடி கிடையாது. கேமரா இருக்கிறது. கவுண்ட்டரில் சாய்ந்தால் மைக்கில் பேட்ஜ் நம்பரைக் கூப்பிடுவார்கள்.

படம் வந்து 11 ஆண்டு கழித்து, 2021 செப்டம்பரில், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு கடையிலும் ஊழியர் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வேண்டும். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 2018இல், கேரளத்தில் இது சட்டமானது. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரரும் அவருடைய 'பெண்கூட்டு' அமைப்பும் முதலில் கழிப்பறை கேட்டு, பிறகு உட்காரும் உரிமை கேட்டுத் தெருவில் நின்று வாங்கியது. இங்கே சட்டசபையில் வந்தது, கைதட்டினோம், மறந்தோம். எங்கள் தளத்தில் நான்கு முக்காலி இருக்கிறது, நான்கும் கஸ்டமருக்கு. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளுக்கு 12 மணி நேர வேலை மசோதாவை நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். ஜவுளிக்கடைகளுக்கு மசோதா எதுவும் தேவைப்படவில்லை, சத்தமில்லாமல் நடக்கிறது.

இதைச் சொன்னால் ஒரு தோழர், 'இது வர்க்கப் பிரச்சினை, சாதித் தளத்தில் ஏன்' என்கிறார். இன்னொரு தோழர், 'கூலி பேசினால் சாதி மறைந்துபோகும்' என்கிறார். இருவரும் அம்பேத்கரை மேடைப் படமாக மட்டும் வைத்திருக்கிறார்கள். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேலும் கீழுமாகப் பிரிக்கிறது என்று 1936இல் எழுதியவர், 1942இலிருந்து 1946 வரை வைஸ்ராயின் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தார். தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணியை 48 ஆக்கும் மசோதாவைக் கொண்டுவந்தவரும் அவர்தான். சேல்ஸ் கவுண்ட்டரில் நான் நிற்பதும், பக்கெட்டோடு அந்த அக்காக்கள் தனியாகச் சாப்பிடுவதும் ஒரே கடை, ஒரே முதலாளி, ஒரே ஏற்பாடு. முக்காலி கேட்கும்போது கவுண்ட்டருக்கு மட்டும் கேட்டால் அந்த ஏற்பாட்டுக்கு நானும் கையெழுத்துப் போட்டதாகிவிடும். அவர்கள் உட்கார இப்போது இருக்கும் இடம் கழிப்பறை வாசல் படி.

அடுத்து ஒரு படம் வரும். திரையிடல் நடக்கும், பறை அடிப்போம், விவாதம் இரவு பதினொன்று வரை போகும். அதற்குப் புதுச் சட்டை எடுக்க எங்களைப் போன்ற ஒரு கடைக்குத்தான் போவீர்கள். போகும்போது பில் போடுகிறவரிடம் சத்தமாக, மேனேஜருக்குக் கேட்கிற மாதிரி, "22-ஏ இருக்கைங்க எங்க இருக்கு?" என்று கேளுங்கள். தரை துடைக்கிற அக்காவுக்கு எங்கே என்றும் கேளுங்கள். இல்லை என்றால் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு உங்கள் பெயரில் ஒரு மனு எழுதுங்கள். எங்கள் பெயரில் எழுதினால் மறுநாள் எங்களுக்கு வேலை இருக்காது.