ஹார்மோன் எண்ணும் கருத்தரிப்புச் சந்தையும்

குழந்தைப்பேறின்மைக்கான சிகிச்சை இன்று நாடு முழுவதும் பெரும் வணிகமாகிவிட்டது. இச்சிகிச்சையை நாடிச் செல்லும் பெண்ணுக்குத் தொடக்கத்திலேயே செய்யப்படும் இரத்தப் பரிசோதனைகளில் ஒன்று, ஏ.எம்.எச். என்னும் ஹார்மோனின் அளவைக் காண்பது. அந்த எண் குறைந்திருந்தால், ‘இனித் தாமதித்தால் வாய்ப்பில்லை’ என்ற அச்சம் விதைக்கப்படுகிறது. நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் உழைக்கும் குடும்பங்கள் பணம் கட்டுகின்றன.

அறிவியல் கூறுவது வேறு. சினைப்பையில் எஞ்சியுள்ள முட்டைகளின் இருப்பை இந்த ஹார்மோன் ஓரளவு காட்டும். ஊக்க மருந்தை எந்த அளவில் செலுத்துவது என்று முடிவு செய்ய உதவும். அளவு மீறினால் சினைப்பை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் இது தேவையான பரிசோதனைதான். ஆனால் முட்டையின் தரத்தையோ, குழந்தை பிறக்குமா என்பதையோ அது உறுதியாகச் சொல்லாது. அதில் வயதின் பங்கே பெரிது. 30 முதல் 44 வயது வரையிலான, குழந்தையின்மைப் பின்னணி இல்லாத பெண்களிடம் நடத்தப்பட்ட அமெரிக்க ஆய்வொன்று 2017இல் வெளியானது. இந்த ஹார்மோன் குறைந்திருந்தவர்களும் ஏனையோரைப் போலவே இயல்பாகக் கருத்தரித்தனர் என்பதே அதன் முடிவு.

மருந்தை அளக்கும் கருவியைப் பெண்ணின் தலைவிதியாக மாற்றி விற்பது சந்தையே. குறை ஆணின் விந்தணுவில் இருந்தாலும், சோதனைக்குழாய் முறையில் ஊசிகளை ஏற்பது பெண்ணுடல்தான்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், மையங்களின் பதிவைக் கட்டாயமாக்கியது. ஒரு பெண் வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே முட்டை தானம் செய்யலாம் என்றும் வரையறுத்தது. கட்டணத்திற்கோ உச்சவரம்பு விதிக்கவில்லை. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டிலும் இச்சிகிச்சைக்கு இடமில்லை. வறுமையோடு பிணைந்த காசநோய் கருக்குழாயை அடைத்து, எத்தனையோ ஏழைப் பெண்களைக் குழந்தையற்றவர்களாக்குகிறது. அந்நோயைத் தடுக்கத் தவறிய அரசு, அவர்களைத் தனியார் வாசலில் நிறுத்துவது எவ்வகையில் நியாயம்?

அரசு மருத்துவக் கல்லூரிகளில் இலவசக் கருத்தரிப்பு மையங்கள் வேண்டும். கட்டணங்கள் வரையறுக்கப்பட வேண்டும். தேசியப் பதிவேட்டுக்குச் செல்லும் சிகிச்சை விவரங்களிலிருந்து, ஒவ்வொரு மையத்திலும் எத்தனை குழந்தைகள் உயிருடன் பிறந்தன என்பது வயதுவாரியாக மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். மகப்பேறு ஆரோக்கியம் உரிமை. அதைச் சரக்காக்கும் போக்கிற்கு எதிராக மாதர் இயக்கமும் தொழிற்சங்கமும் இணைந்து குரலெழுப்ப வேண்டும்.