திரும்பச் செஞ்சா காப்பியா?



எந்த மொழியில புரோகிராம் எழுதினா தப்பு குறைவா வரும்? எங்க கம்ப்யூட்டர் லேப்ல இது தீராத சண்டை. ஆளுக்கொரு கட்சி.

இதே கேள்வியை 2014-இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக (டேவிஸ்) ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கிட்டாங்க. கிட்ஹப் தளத்திலிருந்து 729 புராஜெக்ட், 17 மொழிகள், சுமார் 8 கோடி வரிகள். அம்மாடி! சில மொழிகளில் பிழை கொஞ்சம் அதிகம், சிலவற்றில் குறைவு என்று முடிவு சொன்னார்கள். பலரும் அதை எடுத்துக்காட்டினார்கள்.

அப்புறம் எமரி பெர்கர், யான் விடெக் உள்ளிட்ட ஐந்து பேர் அந்தத் தரவையே வாங்கி, கணக்கை முதல்லேர்ந்து போட்டுப் பார்த்தாங்க. 2019-இல் அது வெளிவந்தது. டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழி வெளியானதே 2012 அக்டோபரில்தான். ஆனா தரவுல அதுக்கு முன்னாடியே அந்த மொழிப் பதிவுகள் இருந்தன! எப்படி? '.டிஎஸ்' என்று முடிகிற ஃபைலை எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்திருக்காங்க. அதில் பல, வெறும் மொழிபெயர்ப்பு ஃபைல்கள். இன்னொரு கூத்து: பிழைத் திருத்தத்தைக் கண்டுபிடிக்க 'ஃபிக்ஸ்' மாதிரி சொற்களைத் தேடினாங்க. 'இன்ஃபிக்ஸ்'-லயும் ஃபிக்ஸ் இருக்கே! புரோகிராமர்களை வைத்துப் படிக்கச் சொன்னபோது, பிழைத் திருத்தம் என்று குறித்தவற்றில் 36 சதவீதம் அப்படி இல்லவே இல்லை. முதலில் 11 மொழிகளுக்குச் சொன்ன தொடர்பு, கடைசியில் 4 மொழிகளுக்குத்தான் மிஞ்சியது. அதுவும் ரொம்பச் சின்னது.

முதல் குழு மறுப்பு எழுதியது. எழுதட்டும், அதுதானே முறை! தரவைக் கேட்டதும் கொடுத்தாங்களே, அதுக்கே அவங்களுக்கு ஒரு சல்யூட். மூடி வச்சிருந்தா இந்த விவாதமே வந்திருக்காது.

இனி நம்ம விஷயம். அறிவியல் கண்காட்சியில் "போன வருஷம் வந்த புராஜெக்ட் கூடாது" என்று ஒரு விதி இருக்கு. அதனால புதுசு புதுசா மாடல் வருது, ஆனா ஒண்ணையாவது யாரும் சரிபார்த்ததில்லை. ஃபிசிக்ஸ் ரெக்கார்டுல நாற்பது பேருக்கும் ஒரே ரீடிங் வருது பாருங்க, அது காப்பி. போன வருஷ அண்ணன்களோட அளவுகளை வாங்கி, நாமே மறுபடி அளந்து, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டினா அது எப்படிக் காப்பியாகும்?

இந்த வருஷம் ஒரே ஒரு மேசை, மறுபரிசோதனைக்குன்னு ஒதுக்குங்க சார். அளவு மாறி வந்தாலும் மார்க் குறைக்கக் கூடாது.

- பன்னிரண்டாம் வகுப்பு, 'ஆ' பிரிவு