முடிவெடுத்த பிறகா எங்களைக் கேட்பது?

பணம் வெறும் காகிதமாகிப்போன ஜிம்பாப்வேயிலிருந்து, இருபது வயதில், படித்த படிப்பை மட்டும் நம்பி லிம்போபோ ஆற்றைத் தாண்டி வந்தவர்கள் நாங்கள். தென்னாப்பிரிக்க ஆட்சியாளர்களே, உங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தது யார்? ஜோகன்னஸ்பர்க் உணவகங்களில் நள்ளிரவுவரை தட்டு கழுவியது யார்?

வேலையைப் பிடுங்க வந்தோமாம்! வெளியிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரால் உள்ளூர்க்காரர்களுக்கு ஏறக்குறைய இரண்டு வேலைகள் உருவாயின என்று 2018இல் உலக வங்கியின் ஆய்வே சொன்னது. எந்த மேடையிலாவது அதைச் சொன்னீர்களா? தேர்தல் வந்தால் எங்கள் தலைதான் உருள்கிறது. 2008 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாந்திராவில் வெளிநாட்டவருக்கு எதிராக மூண்ட வெறியாட்டம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. செத்தவர்களில் மூன்றில் ஒருவர் தென்னாப்பிரிக்கரே.

2010இல் சிறப்பு அனுமதி தந்தீர்கள். வரி கட்டினோம், கடன்பட்டு வீடு வாங்கினோம், பிள்ளை பெற்றோம். எத்தனை ஆண்டு உழைத்தாலும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்கக் கூடாது என்றீர்கள், அதையும் பொறுத்தோம். 2021இல், போதும், மூட்டை கட்டுங்கள் என்றீர்கள். ஏறக்குறைய 1,78,000 பேரின் பிழைப்பு அது. எங்களில் ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டீர்களா? முடிவை எடுத்துவிட்டு, சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புங்கள் என்றீர்கள். கழுத்தை அறுத்த பிறகு வலிக்கிறதா என்று விசாரிப்பதா?

அந்த முடிவு செல்லாது என்று 2023 ஜூனில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்படுகிறவர்களை முதலில் கேட்டிருக்க வேண்டும் என்றது. உடனே மேல்முறையீட்டுக்கு ஓடினீர்கள். எங்களோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவது அவ்வளவு கேவலமா?

ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்களே, 2006இல் காம்பியாவின் பன்ஜூலில் கூடி, கொள்கை வகுப்பதில் இளைஞருக்கும் பங்கு உண்டு என்று ஆப்பிரிக்க இளைஞர் சாசனத்தில் எழுதினீர்களே, அந்த இளைஞர் யார்? எல்லை தாண்டினால் எங்களுக்கு இளமை போய்விடுமா? 2018இல் கண்டம் முழுவதற்கும் இரண்டு உடன்படிக்கைகள் போட்டீர்கள். வணிகத்துக்கானதை 40க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுக்கொண்டன. மக்கள் நடமாட்டத்துக்கானது, 15 நாடுகளின் ஒப்புதல் கிடைக்காமல் இன்னும் கிடப்பில் கிடக்கிறது. சோளமூட்டை எல்லை தாண்டலாம், அதைச் சுமக்கிறவன் தாண்டக் கூடாதா?

தென்னாப்பிரிக்க ஆட்சியாளர்களே, இப்போது எங்கள் அனுமதிக்கு 2027 மே வரை தவணை நீட்டியிருக்கிறீர்கள். தவணை வேண்டாம். சட்டம் எழுதும் மேசையில் எங்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். எல்லையில் யார் லஞ்சம் வாங்குகிறார், எந்த முதலாளி கூலியைத் தராமல் போலீசைக் கூப்பிடுகிறார், எல்லாம் எங்களுக்குத் தெரியும். சுலு மொழி பேசி இங்கேயே வளர்ந்த எங்கள் பிள்ளைகளை எந்த ஊருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்பதை எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.