பீலேயை மறித்த 14-ஆம் நம்பர்

மே மாதம் பிறந்தால் நாமக்கல், பரமத்திவேலூர் பக்கத்துக் கூடைப்பந்து ரசிகர்களுக்குச் சாயங்கால வேலை ஒன்று சேர்ந்துவிடும். வெயில் தணிந்ததும் காவிரிப் பாலத்தைத் தாண்டிக் கரூருக்குப் போக வேண்டும். எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி அங்கேதான் நடக்கும். பாங்க் அணி, ரயில்வே அணி, கடற்படை அணி என்று வந்து இறங்குவார்கள். விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம். கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு கேலரி நிறைந்திருக்கும்.

ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கேலரியில் ஓடுகிற பேச்சு இருக்கிறதே, டிக்கெட் காசு அதற்கே சரியாகப் போகும். "இவனுக எல்லாம் ஒரு ஆட்டமா? அந்தக் காலத்துல..." என்று ஒரு பெரியவர் எடுத்துக் கொடுப்பார். பக்கத்திலிருக்கும் பேரன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வான்: "நம்ம ஊரு டீமு வெளிநாட்டு டீமோட மோதினாத் தெரியும் அப்புச்சி, வண்டவாளம்."

"மோதியிருக்குதுடா. அதுவும் பீலேயோட!"

இந்த இடத்தில் பேச்சு கூடைப்பந்திலிருந்து கால்பந்துக்கு, கரூரிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்விடும். போனால் திரும்பி வர அரை மணி நேரம் ஆகும். உள்ளூர் கிளப் ஒன்று வெளிநாட்டு ஜாம்பவான்களோடு நின்று ஆடிய கதை என்றால், இந்த நாட்டில் அதற்கு மிஞ்சி இன்னொன்றைக் காட்டுவது கஷ்டம்.

1977 செப்டம்பர் 24, சனிக்கிழமை. ஈடன் கார்டன் மைதானம். ஒரு பக்கம் மோகன் பகான், மறுபக்கம் அமெரிக்காவின் நியூயார்க் காஸ்மாஸ். கோப்பை கிடையாது, புள்ளிப் பட்டியல் கிடையாது. வெறும் நட்பு ஆட்டம். ஆனால் காஸ்மாஸ் சட்டையில் வந்தவர் பீலே. 1958, 1962, 1970 என்று மூன்று உலகக் கோப்பை வென்ற ஒரே மனிதர். வயது 36 முடியப் போகிறது. அந்த ஆகஸ்டில்தான் காஸ்மாஸ் அமெரிக்க லீக்கை வென்றிருந்தது. ஜப்பான், சீனா எல்லாம் ஆடிவிட்டுக் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். அடுத்த சனிக்கிழமை பீலேயின் கடைசி ஆட்டம். அதாவது, அவர் ஆட்டக்காரராக இருந்த கடைசி வாரத்தைக் கல்கத்தா பிடித்துக்கொண்டது.

அன்றைக்குச் சேலத்திலும் நாமக்கல்லிலும் டி.வி. எங்கே இருந்தது? சென்னை தூர்தர்ஷன் தொடங்கியே இரண்டு வருஷம்தான். அதன் அலை மேட்டூர்த் தண்ணி மாதிரி எல்லா வாய்க்காலுக்கும் வந்து சேரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை டீக்கடையில் முறை வைத்துப் படித்தார்கள். வடக்கே லோடு ஏற்றிப் போய்வந்த சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களுக்கு மட்டும் அந்த ஊரின் பந்துப் பைத்தியம் கொஞ்சம் பழக்கம். மோகன் பகான் ஜெயித்தால் வீட்டில் இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன். சமையல்கட்டு வரைக்கும் கட்சி பிரிந்து கிடக்கும் ஊர் அது.

அந்த வருஷம் மோகன் பகான் வீடுகளில் இறால் வாசனை குறைவு. பணத்தைக் கொட்டி நட்சத்திரங்களை வாரிச் சேர்த்த அணி, கல்கத்தா லீக்கில் ஈஸ்ட் பெங்காலிடம் தோற்றுப்போனது. லீக் பட்டமும் அவர்களுக்கே போனது. ரசிகர்களின் கோபமெல்லாம் கோச் பி.கே.பானர்ஜி தலையில். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் நட்சத்திரம் அவர். பேசியே ஆட்டக்காரர்களின் ரத்தத்தைச் சூடேற்றுவதில் கெட்டிக்காரர். அந்தப் பேச்சுக்கு 'வோக்கல் டானிக்' என்று பத்திரிகைகள் பெயரே வைத்திருந்தன. லீக்கில் அடிபட்ட அணியைக் கூட்டிக்கொண்டு பீலே முன்னால் போய் நிற்கிறார். ஆறு கோல், ஏழு கோல் வாங்கியிருந்தால் அவர் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பார்க்கிறவர்களுக்கு அது கண்காட்சி ஆட்டம். அவருக்கும் அந்தப் பதினொரு பேருக்கும் மானப் பிரச்னை.

போதாக்குறைக்கு மழை. ஈடன் கார்டன் கிரிக்கெட்டுக்குப் பேர்போன மைதானம். அன்றைக்கு நாற்று நடலாம் போலக் கிடந்தது. ஆட்டம் நடக்குமா என்றே சந்தேகம். ஆனாலும் சுமார் 80,000 பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். (இன்றைக்கு 'நான் நேரில் பார்த்தேன்' என்று சொல்கிறவர்களை எல்லாம் கூட்டினால் அதைப்போல ஐந்து மைதானம் வேண்டும். எல்லாப் பழைய ஆட்டங்களுக்கும் இந்த ராசி உண்டு.)

பி.கே. ஒரு காரியம் செய்தார். பீலேயைக் கவனிக்கும் பொறுப்பை 14-ஆம் எண் சட்டைக்காரரான கௌதம் சர்க்காரிடம் கொடுத்தார். நடுக்களத்து ஆள். ஓட்டத்துக்கு அலுக்காதவர். பீலே எங்கே போனாலும் நிழல் மாதிரி கூடவே போக வேண்டும், அவ்வளவுதான் வேலை.

பதினேழாவது நிமிஷத்தில் காஸ்மாஸ் முதல் கோல் போட்டது. அடித்தவர் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ, 1970-ல் உலகக் கோப்பையைத் தூக்கிய பிரேசில் கேப்டன். சரி, வழக்கமான கதைதான் என்று கூட்டம் பெருமூச்சு விடுவதற்குள், மறு நிமிஷமே ஷ்யாம் தாப்பா திருப்பி அடித்துவிட்டார். அந்த வருஷம்தான் ஈஸ்ட் பெங்காலிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர். இடைவேளைக்கு முன்பே ஹைதராபாத்துக்காரர் முகமது ஹபீப் இன்னொன்று போட்டார். மோகன் பகான் 2, காஸ்மாஸ் 1.

அந்த நேரத்துக் கூச்சலைப் பற்றிப் பேசாத பழைய ரசிகர் கிடையாது. ஊரே பீலேயைப் பார்க்கத்தான் டிக்கெட் எடுத்தது. பீலே பெயரைச் சொல்லித்தான் உள்ளே வந்தது. அரை மணி நேரத்தில் அத்தனை பேரும் கட்சி மாறிவிட்டார்கள். அவரிடம் பந்து போனால் ஒரு கைதட்டல், அவரிடமிருந்து பந்தைப் பிடுங்கினால் இரண்டு மடங்கு கைதட்டல்!

பீலே அன்றைக்கு கோல் போடவில்லை. சேற்றில் கால் வழுக்கும் என்று பார்த்துப் பார்த்துத்தான் ஆடினார். நடுநடுவே ஒரு பாஸ், ஒரு உடல் அசைப்பு, அவ்வளவுதான். கோல் வாசலில் அவர் பந்தோடு வந்தபோது கோல்கீப்பர் ஷிபாஜி பானர்ஜி காலடியிலேயே பாய்ந்து பந்தை அணைத்துக்கொண்டார். 2017-ல் ஷிபாஜி காலமானபோது வந்த அஞ்சலிகளிலும் முதலில் நின்றது அந்தப் பாய்ச்சல்தான். வேறு எத்தனையோ ஆட்டங்களில் எத்தனையோ பந்துகளைத் தடுத்தவர். அவற்றையெல்லாம் யார் கணக்கு வைத்தார்கள்?

ஆட்டம் முடியக் கால் மணி நேரம் இருக்கையில் வந்தது அந்த விசில். மோகன் பகான் பெட்டிக்குள் ஃபவுல் என்று நடுவர் பெனால்டி கொடுத்தார். இத்தாலிக்காரர் கினாலியா அடித்தார். 2-2. அது பெனால்டியே இல்லை என்பது மோகன் பகான்காரர்கள் இன்று வரை விடாமல் நடத்தும் வழக்கு. 'விருந்தாளி தோற்றுப் போகக் கூடாது என்று நடுவர் இரக்கப்பட்டுவிட்டார்' என்பார்கள் கொஞ்சம் பெருந்தன்மையானவர்கள். மற்றவர்கள் சொல்வதைக் குடும்பப் பத்திரிகையில் போட முடியாது.

ராத்திரி விருந்தில் நடந்ததாகக் கௌதம் சர்க்கார் பல பேட்டிகளில் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். அவரை அறிமுகப்படுத்தியதும் பீலே, "என்னை ஆடவிடாத அந்த 14-ஆம் நம்பர் நீதானா?" என்று கேட்டாராம். பல வருஷம் பந்தைத் துரத்திய மனிதருக்கு ஒரு வரியில் கிடைத்த சம்பளம். அதற்குப் பிறகு யார் பாராட்டினாலும் அது சில்லறைதான்.

நான்கே நாள் கழித்து, செப்டம்பர் 28-ல், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டம். எதிரே அதே ஈஸ்ட் பெங்கால். ஷ்யாம் தாப்பாவின் ஒரே கோலில் மோகன் பகான் ஜெயித்தது. அந்த ஷீல்டுக்கு இந்தக் கிளப்பில் தனி மரியாதை உண்டு. 1911-ல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ராணுவ அணியை 2-1 என்று தோற்கடித்து வாங்கியது அதைத்தான். அந்த சீசனில் டூராண்ட், ரோவர்ஸ் கோப்பைகளும் கூடவே வந்தன. பி.கே.யின் தலை தப்பியது. வீடுகளில் இறால் வெந்தது.

பீலேயோ நியூயார்க் பக்கம் போய் அக்டோபர் 1-ஆம் தேதி கடைசி ஆட்டம் ஆடினார். பாதி ஆட்டம் காஸ்மாஸுக்கு, மீதிப் பாதி பழைய சான்டோஸ் கிளப்புக்கு. அங்கேயும் மழை. ஆனால் அங்கே ஃப்ரீ கிக்கில் ஒரு கோல் போட்டுவிட்டார். கல்கத்தாக்காரர்களுக்கு அதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. இங்கே வைத்த மிச்சத்தை அங்கே போய்ச் செலவழித்துவிட்டாரே!

2015 அக்டோபரில் அவர் மறுபடி வந்தார். 38 வருஷ இடைவெளி. ஊர் பெயர்கூடக் கொல்கத்தா என்று மாறியிருந்தது. கைத்தடி பிடித்து நடந்த மனிதரை, நரைத்துப்போன அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் வந்து பார்த்தார்கள். பி.கே. 2020-ல் போனார். பீலே 2022 டிசம்பரில். ஹபீப் அதற்கடுத்த ஆகஸ்ட் 15-ல்.

கரூர் கேலரியில் பேரன் போனில் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்வான். "டிரா தானே அப்புச்சி? ரெண்டுக்கு ரெண்டுன்னு போட்டிருக்கு."

"அப்படித்தான் போட்டிருப்பான். ஆனா அந்தப் பெனால்டி இருக்குது பாரு..."

கீழே இரண்டாவது ஆட்டத்துக்கு விசில் ஊதியாயிற்று.