லாரிக்கு மூணு மார்க்!

காலையில ஆறு மணிக்கு ரோட்டோரமா பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்து, போற வர்ற வண்டியை எல்லாம் கோடு போட்டு எண்ணியிருக்கீங்களா பாஸ்? சிவில் பசங்களுக்கு இதுவும் ஒரு லேப்! நாலு கோடு, குறுக்கே ஒண்ணு... ஆச்சு அஞ்சு. ‘‘என்ன தம்பி கணக்கெடுப்பு? யார் வீட்டை இடிக்கப் போறீங்க?’’ன்னு கேட்டார் டீக்கடை அண்ணன். கெக்கேபிக்கேனு சிரிச்சோம். காமெடி இல்ல, சரியான கேள்வினு அப்புறம்தான் புரிஞ்சுது.

எண்ணி முடிச்சதும் மார்க் போடணும். காருக்கு 1, டூவீலருக்கு அரை, லாரிக்கும் பஸ்ஸுக்கும் 3. மாட்டு வண்டிக்கு? எட்டு! மெதுவா போய் எல்லாரையும் மறிக்குதாம். இது இடத்தை அடைக்கிற கணக்கு. ரோட்டை உடைக்கிற கணக்கு வேற. 1958-60ல அமெரிக்காவின் இல்லினாய்ஸ்ல ரோடு போட்டு, அதுமேல ராத்திரி பகலா லாரி ஓட்டிப் பார்த்திருக்காங்க. அச்சில் ஏறும் எடை ரெண்டு மடங்கானா, ரோட்டுக்கு ஆகிற சேதம் ரெண்டு மடங்கு இல்ல மக்களே, கிட்டத்தட்ட பதினாறு மடங்கு! சின்ன ஊர் கடைத்தெருவுக்குள்ள ஓவர்லோடு லாரி ஒண்ணு போனா என்னாகும்னு நீங்களே பார்த்துக்கோங்க.

அடுத்தது, வண்டியை ஓரங்கட்டச் சொல்லி ‘எங்கேர்ந்து வர்றீங்க, எங்கே போறீங்க?’னு டிரைவர்கிட்ட கேட்கணும். (திட்டு வாங்க ரெடியா இருக்கணும்!) பைபாஸோட தலையெழுத்தே இந்தக் கேள்வியிலதான். லாரிங்க எல்லாம் அந்த ஊர் மண்டிக்கே வருதுன்னா பைபாஸ் போட்டும் பிரயோஜனம் இல்ல. ஊரைச் சும்மா தாண்டிப் போறதுதான் ஜாஸ்தின்னா, போட்டே ஆகணும்.

இதுவரைக்கும் சுலபம். கோடு எங்கே போடுறதுங்கிறதுலதான் குடுமிப்பிடி. அதுக்கு நம்ம பக்கத்து வீட்டுக் கதை ஒண்ணு இருக்கு.

கேரளா, கண்ணூர் மாவட்டம், தளிப்பரம்பா. மங்களூர் பக்கமிருந்து கேரளாவின் கடலோரம் முழுக்க இறங்குற என்.ஹெச். 66 இந்த ஊர் நடுவுலதான் போச்சு. அதை 45 மீட்டர் அகலமாக்கணும். கடைத்தெருவுல அதுக்கு இடமில்ல. சரி, சுத்திப் போவோம்னு முடிவாச்சு. எந்தப் பக்கம் சுத்தினாலும் வீடுங்க. கடைசியில, வீடு குறைச்சலா போற வழினு கீழாற்றூர் வயல் வழியா கோடு போட்டாங்க.

கீழாற்றூர் சி.பி.எம். கோட்டை. அங்கேயே கட்சிக்காரங்க எதிர்ப்புக் கொடி பிடிச்சாங்க. கூட்டத்துக்குப் பேரு ‘வயல்கிளிகள்’. மொழிபெயர்ப்பே வேணாம், பாருங்க! 2017ல உண்ணாவிரதம். கட்சியிலிருந்து 11 பேர் நீக்கம். 2018 மார்ச் 14ல சர்வேக்கு அதிகாரிங்க வந்தப்போ மண்ணெண்ணெயை ஊத்திக்கிட்டு நின்னாங்க. போலீஸ் அவங்களை அள்ளிட்டுப் போக, அன்னிக்கே போராட்டப் பந்தல் எரிஞ்சுது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட குழு வந்து வயலைப் பார்த்துட்டும் போச்சு. அந்த வருஷம் நவம்பர்ல வந்த இறுதி அறிவிக்கை? அதே வயல், அதே கோடு!

வயல்கிளிகள் கேட்டது, ‘ஊருக்குள்ள இருக்கிற ரோட்டுக்கு மேலேயே பாலமா கட்டிட்டுப் போங்க’ங்கிறதுதான். கேட்க நல்லா இருக்கு. ஆனா தூண்ல நிக்கிற ரோடு, மண்ணுல போடுற ரோட்டைவிடப் பல மடங்கு செலவு. இங்கேதான் பணம் மேடைக்கு வருது.

பைபாஸுக்கு ரெண்டு பில். முதல் பில் நிலத்துக்கு. 2013 சட்டப்படி, கிராமப்புறம்னா மார்க்கெட் விலையை ரெண்டு மடங்கு வரைக்கும் பெருக்கலாம். அதுமேல நூறு சதவிகிதம் ஆறுதல் தொகை வேற. வீடு, கிணறு, மரத்துக்குத் தனி. கேரளாவுல நிலம் விலை தெரியும்ல? மத்திய அரசு கையைப் பிசைய, என்.ஹெச். 66 நிலச் செலவில் 25 சதவிகிதத்தை மாநிலமே தர்றதா 2019ல ஒப்பந்தம். தொகை 5,500 கோடி ரூபாய்க்கு மேல!

ரெண்டாவது பில் ரோட்டுக்கு. என்.ஹெச். 66 வேலை பலதும் ‘ஹைப்ரிட் ஆன்யூட்டி’ங்கிற முறையில. 40 சதவிகிதத்தை அரசு கட்டும்போதே கொடுக்கும். மீதி 60ஐ கான்ட்ராக்ட் கம்பெனி கடனோ உடனோ வாங்கிப் போட்டு, முடிஞ்சப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருதரம் தவணையா, 15 வருஷம் அரசுகிட்ட வட்டியோட வாங்கிக்கும். டோல் வசூல் நெடுஞ்சாலை ஆணையத்துக்கு. ஆக, வண்டி குறைஞ்சா கவலை கம்பெனிக்கு இல்ல, ஆணையத்துக்குத்தான்.

இந்த ரெண்டு பில்லையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. வீடு இருந்தா நஷ்டஈடு எகிறும். வயல்னா கம்மி. அதனால காலி இடம் தேடி ஓடுற கோடு எப்பவுமே வயல்ல போய்த்தான் விழும். அந்த வயல் மழைத்தண்ணியைத் தேக்கி சுத்துப்பட்டுக் கிணத்துக்கெல்லாம் ஊட்டுதே... அதுக்கு எந்தப் பில்லுலயும் ஒரு வரிகூட கிடையாது. அதுக்கும் ஒரு விலை போட்டு, அப்புறம் ‘பாலம் காஸ்ட்லி’ன்னு சொல்லியிருந்தா நானும் ஒத்துக்குவேன்.

அதுக்காக பைபாஸே வேணாம்னு சொல்ல வாய் வரல. அதே கண்ணூர்ல, சாலாங்கிற இடத்துல 2012 ஆகஸ்ட் 27 ராத்திரி கேஸ் டேங்கர் ஒண்ணு டிவைடர்ல மோதி வெடிச்சுது. சுமார் 20 பேர் செத்துப் போனாங்க, வீட்டுல இருந்தவங்களும் சேர்த்து. கொடுமை என்னன்னா, அந்த ரோடும் பைபாஸ்தான்! ஊரைத் தாண்டிப் போட்ட ரோட்டோரம் வீடு, கடைனு ஊர் திரும்ப வந்து உட்கார்ந்துக்கிச்சு. ரெண்டு பக்கமும் வேலி போட்டு, குறிப்பிட்ட இடத்துல மட்டும் ஏற இறங்க விடணும்னு புத்தகத்துல இருக்கு. நம்ம ஊர் பைபாஸ்ல முதல்ல முளைக்கிறது பரோட்டா கடை!

எங்க டிபார்ட்மென்ட்லயும் இந்த செமஸ்டர் ஒரு ஊருக்கு பைபாஸ் வரையணும். சார் கொடுத்த ஷீட்ல கோயில் இருக்கு, ஸ்கூல் இருக்கு, ஆறு, குளம், ஒவ்வொரு ஓட்டு வீடும் கட்டம் கட்டமா இருக்கு. வயல் மட்டும் வெறும் வெள்ளை. பென்சிலால ஒரு கோடு இழுத்து வெச்சிருக்கேன். இன்னும் மை போடல. வியாழக்கிழமை சப்மிஷன்!