சிலுவையும் பொன்னும் ஒரே கப்பலில்



ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்று காரைநகர்ப் பக்கம் நோக்கினால், கடல் நடுவே கோட்டையொன்று தெரியும். போர்த்துக்கேயர் எழுப்பி, ஒல்லாந்தர் கைப்பற்றிய அக்கடற்கோட்டையைக் காணும்போதெல்லாம் ஒரு கேள்வி என் உள்ளத்தில் எழுகின்றது. நற்செய்தியைக் கொண்டுவந்த கப்பல்களில் வேறு என்ன வந்தது?

1519இல் ஸ்பானியத் தளபதி கோர்ட்டேஸ் மெக்சிக்கோவில் இறங்கியபோது அவரது கொடியில் சிலுவை இருந்தது. உள்ளத்திலோ பொன் இருந்தது. 1520 ஜூன் 30ஆம் நாள் இரவு, அஸ்தெக் மக்களின் தலைநகரிலிருந்து தப்பியோடிய வீரர்களுட் பலர், கொள்ளையிட்ட பொன்னின் பாரத்தால் நீரில் அமிழ்ந்து மாண்டனர். 1981இல் மெக்சிக்கோ நகரில் மண்ணுக்குள் கிடைத்த, ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ள பொற்கட்டி அவ்விரவில் கைநழுவியதே என 2020இல் ஆய்வாளர் அறிவித்தனர்.

நம் கடலிலும் இத்தகைய கதை உண்டு. 1544இல் மன்னாரில் விசுவாசத்துக்காக நூற்றுக்கணக்கானோர் சங்கிலி மன்னனின் ஆணையால் உயிரிழந்தனர். அதற்காக அவன்மீது படையெடுக்கப் போர்த்துக்கேயர் ஆயத்தமாயினர். அவ்வேளை பெகுவிலிருந்து வந்த அவர்களது சரக்குக் கப்பல் யாழ்ப்பாணக் கரையில் தரைதட்ட, பொருள்கள் மன்னன் வசமாயின. அப்பொருள்களை மீட்கும்வரை போர் வேண்டாம் எனப் படையெடுப்பு நிறுத்தப்பட்டது. புனித பிரான்சிஸ் சவேரியாரே இதனைத் தம் மடலில் எழுதியுள்ளார். போர் நின்றது நன்றே. ஆயினும் நிறுத்தியது இரக்கமன்று, இலாபமே! 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. இரண்டாம் சங்கிலி கோவாவில் கொல்லப்பட்டான். நல்லூர்க் கோவிலும் இடிக்கப்பட்டது. நம் இந்து அயலவர் நெஞ்சில் இன்றும் ஆறாத இவ்வடுவை நாம் மறைத்தலாகாது. திருச்சபையின் மக்கள் இழைத்த தவறுகளுக்காக இறைவனிடம் 2000ஆம் ஆண்டிற் பொதுவில் மன்னிப்பு வேண்டினாரே, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல்!

1658இல் ஒல்லாந்தர் வந்தனர். கோட்டைகள் கைமாறின, குருக்கள் துரத்தப்பட்டனர். போர்த்துக்கேயர் சேர்த்த செல்வத்தால் ஒரு திருப்பலியைக்கூடக் காக்க இயலவில்லை. ஆனால் 1687இல் பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்திற் செபமாலையோடு யாழ்ப்பாணம் வந்தார் புனித யோசப் வாஸ் அடிகளார். படையுமில்லை, பணமுமில்லை. மறைவில் செபித்துவந்த குடும்பங்கள் அவரை இனங்கண்டுகொண்டன. கோட்டை காக்காத விசுவாசத்தைக் குடும்பங்களே காத்தன.

அன்பானவர்களே, அந்தப் பொன்னாசை போர்த்துக்கேயரோடு கப்பலேறிப் போய்விட்டதா? பெண் பார்க்கச் செல்லும் நம் வீடுகளில் எத்தனை பவுண், எவ்வளவு சீதனம், வெளிநாட்டில் எத்தனை சகோதரர் என்ற பேச்சல்லவா முதலில் எழுகின்றது? பேரம் முடிந்த பின்பே ஆலயத்தில் திருமண அறிவித்தல் வாசிக்கப்படுகின்றது. பொன் முன்னே செல்ல, சிலுவை பின்னே வருகின்றது. கோர்ட்டேஸைக் குறைகூறும் நாம் அவரது தராசை வீட்டில் வைத்திருக்கலாமா? சீதனம் தேட முடியாமையால் நம் தீவுகளிற் கலங்கி நிற்கும் பெற்றோரின் கண்ணீரும் ஒருநாள் நமக்கெதிராகச் சாட்சி சொல்லும்.

இவ்வாண்டு உங்கள் வீட்டில் திருமணப் பேச்சு எழுமாயின், பவுண் கணக்கைக் கேளாமல் எழுந்துவாருங்கள். பூச்சி அரியாத செல்வத்தைச் சேர்க்கச் சொன்ன ஆண்டவர், அந்த வீட்டு விருந்துக்கு முதலாவதாக வருவார்.